பதிமூன்று அட்டைப்பெட்டிகளும் திருவல்லிக்கேணிச் சிநேகிதர்களும்

2022 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மடிப்பாக்கத்தில் நான் குடியிருக்கும் வீட்டு வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. டிரைவர் பையன் பதிமூன்று அட்டைப்பெட்டிகளை இறக்கி, ஹாலில் டிவிக்குக் கீழே இரண்டு வரிசையாக அடுக்கிவிட்டு, இறக்குகூலி 300 ரூபாய் தனியாகக் கேட்டான். பெட்டிக்குள் இருந்தது என் முதல் நாவல், 500 பிரதி. அவன் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு ஒரு பெட்டியைக் கத்தரிக்கோலால் கிழித்து, ஒரு புத்தகத்தை எடுத்து மூக்கருகே வைத்து மோந்து பார்த்தேன். அந்த மை வாசனைக்கு நான் கொடுத்த விலை 1,14,000 ரூபாய் என்று கணக்குப் போட அப்போது தோன்றவில்லை. இத்தனைக்கும் கணக்குப் போடுவதுதான் என் உத்தியோகம். கிண்டி எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக அக்கவுண்டன்டாக இருக்கிறேன்.

என்னை மாதிரி யாராவது ராத்திரி பாத்திரம் கழுவி வைத்த பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு ஒருவரும் எச்சரிக்கை சொல்லவில்லை. சொல்லக்கூடிய பழைய எழுத்தாளர்கள் எல்லாம் செத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அவர்களிடம் போய்க் கேட்கலாம் என்ற புத்தி எனக்கு வந்ததே பணம் போன பிறகுதான்.

வீட்டுக்காரர் மஸ்கட்டில், பையன் கோயம்புத்தூரில் காலேஜ். ஆறு வருஷமாக வீட்டில் நான் மட்டும்தான். 90களில் செய்யாறிலிருந்து வேலைக்கு வந்தபோது எழும்பூர் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் நாலு வருஷம் இருந்தேன். ஒரு ரூமுக்கு ஆறு பேர், ஒரு பாத்ரூமுக்குப் பதினெட்டு பேர். அந்த விடுதியைத்தான் நாவலாக எழுதினேன். எழுத மூன்று வருஷம் ஆனது. முடித்தபோது எனக்கு நாற்பத்தேழு வயது. யாரிடமும் காட்டவில்லை. முதல் தப்பு அதுதான், ஆனால் அப்போது அது எனக்குத் தன்னடக்கமாகத் தெரிந்தது.

ஒரு பதிப்பகத்தின் விளம்பரம் போனில் வந்தது. பேசியவர் குரலில் அவ்வளவு மரியாதை. கையெழுத்துப் பிரதியை மெயிலில் அனுப்பிய மூன்றாம் நாளே, "மேடம், படிச்சுட்டு ராத்திரி தூக்கமே வரலை" என்றார். 240 பக்கத்தை இரண்டு ராத்திரியில் படித்துத் தூக்கத்தையும் இழந்த மனிதர், கதாநாயகியின் பெயரைத் தப்பாகச் சொன்னார். அதை நான் கவனித்தேன். கவனித்தும் விட்டுவிட்டேன். பாராட்டுக்கு ஏங்கிக் கிடக்கிறவளுக்குக் காது அப்படித்தான் வேலை செய்யும். ஆயிரம் பிரதி போடுவதாகப் பேச்சு. 500 எனக்கு, 500 அவர்கள் கடைகளுக்கு அனுப்புவார்கள். அச்சுக்கு 74,000, அட்டைக்கும் பக்க வடிவமைப்புக்கும் 12,000, ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண் வாங்க 4,000, வெளியீட்டு விழாவுக்கு ஹால், சால்வை, போட்டோ, சமோசா எல்லாம் சேர்த்து 24,000. தெரு மாமி நடத்தும் சீட்டில் எடுத்த பணமும் என் கைச் சேமிப்பும் அதில் போயின. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. விழாவுக்கு 37 பேர் வந்தார்கள். அதில் 29 பேர் என் ஆபீஸ், என் சொந்தம். பேச வந்த பெரியவர் முன்னுரையை மட்டும் படித்திருந்தார் என்பது அவர் பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிஷத்தில் தெரிந்துபோனது.

ஒரு வருஷம் கழித்துக் கணக்கு வந்தது. விற்றது 11 பிரதி. விலை 250, எனக்குப் பத்து சதவீதம், ஆக 275 ரூபாய். மீதி 489 பிரதி எங்கே என்று கேட்டேன். குடோனில் என்றார்கள். வந்து பார்க்கலாமா என்றேன். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. ராயப்பேட்டையில் அச்சு வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்து ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது டிஜிட்டல்மா. ஆயிரம் அடிக்கிறவன் ஆஃப்செட்ல அடிப்பான், அதுதான் அவனுக்குக் கட்டும். உங்களுக்குக் குடுத்த ஐந்நூறு மட்டும்தான் இந்த உலகத்துலயே இருக்கு" என்றார். அவர் போட்ட கணக்குப்படி அதற்கு ஆகியிருக்கக்கூடிய அச்சுச் செலவு 45,000.

இங்கே நின்று சிலதைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் காசு கேட்கிறவர் எந்தப் பெயரில் இருந்தாலும் அவர் அச்சுக்கடைக்காரர்தான். அச்சுக்கடை என்றால் நாம் என்ன செய்வோம்? மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குவோம், எத்தனை பிரதி என்று பில்லில் எழுதி வாங்குவோம், எண்ணிப் பார்ப்போம். அதையே இங்கேயும் செய்யுங்கள். ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி அதை இலவசமாகத் தருகிறது, எழுதியவரே தன் பெயரில் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். முதலில் 50 பிரதி போதும், இன்றைக்கு டிஜிட்டலில் அதைத் தனியாக அடித்துத் தருகிறார்கள். விழாவே வேண்டாம். வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பேருக்கு டிபன் போடுங்கள், அவர்களாவது படிப்பார்கள்.

பணம் போனது ஒரு வலி. அதைவிடப் பெரிய வலி யாரிடமும் சொல்ல முடியாதது. அக்காவிடம் மட்டும் பாதியைச் சொன்னேன். "ஏன்டி, இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை? ரெண்டு வளையலாவது வாங்கிப் போட்டிருக்கலாம்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. சொந்தக்கார வாட்ஸப் குழுவில் 43 பேர் கைகூப்பு பொம்மை போட்டிருந்தார்கள், ஒருவர்கூடக் கதையைப் பற்றி ஒரு வரி சொன்னதில்லை. புத்தகம் வந்ததிலிருந்து எட்டு மாதம் பேனாவைத் தொடவில்லை. சாயந்திரம் வந்ததும் அந்தப் பெட்டிகளின் மேல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடி, அதன் மேல் காய்கறிக் கூடையை வைத்துக்கொண்டேன்.

அப்புறம் மிக்ஜாம் புயல் வந்தது. 2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. எங்கள் வீடு தரைத்தளம். விடியற்காலையிலேயே தண்ணீர் வாசற்படி தாண்டிவிட்டது. கரண்ட் இல்லை. சிலிண்டரைத் தூக்கி மேடையில் வைத்தேன், பையனின் சர்டிஃபிகேட் பையைப் பரணில் போட்டேன், அரிசி டப்பா, மிக்ஸி, வீட்டுக்காரரின் பழைய ரேடியோ எல்லாவற்றையும் கட்டிலின் மேல் ஏற்றினேன். பெட்டிகளின் ஞாபகம் வந்தபோது முழங்கால் அளவுத் தண்ணீரில் கீழ்வரிசை ஏழு பெட்டியும் ஊறிப்போயிருந்தன. மறந்துவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். இப்போது யோசித்தால், ரேடியோவைத் தூக்கியவளுக்கு அதை எப்படி மறந்திருக்கும் என்று தெரியவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு 280 புத்தகங்களையும் மாடிக்குத் தூக்கிக் காயவைத்தேன். ஒவ்வொன்றும் ஊறிய பன் மாதிரி உப்பியிருந்தது. பழைய பேப்பர்காரத் தம்பி கிலோ 8 ரூபாய் என்றான். தராசில் 86 கிலோ நின்றது. ஒரு புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டை போட்டோவைப் பார்த்து, என்னைப் பார்த்து, "அக்கா, இது நீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்கறேன்கா" என்றான். 672 ரூபாய். அன்றைக்குத்தான் முதல்முறையாக உட்கார்ந்து அழுதேன்.

ஜனவரியில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறிக் கோட்டூர்புரத்தில் இறங்கி, அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். படிக்க என்று சொல்ல முடியாது, ஏசிக்கு என்று சொல்லலாம். நாவல் பக்கமே போகவில்லை, பார்த்தாலே எரிச்சல். கைக்குக் கிடைத்த ஒரு பாரதி தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் 1920இல், கடையத்தில் இருந்தபோது, அவர் நண்பர்களுக்கு அனுப்பிய ஒரு சுற்றறிக்கை இருந்தது. தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகமாகப் போடப் போகிறாராம், ஒவ்வொன்றும் 10,000 பிரதி, அதற்குக் கடன் தாருங்கள் என்று கேட்கிறார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாகத் தமிழ்நாட்டில் விற்றுப்போகும் என்று வேறு நம்பிக்கை. கைவிரல் தானாகக் கணக்குப் போட்டது. நாலு லட்சம் பிரதி! நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் முறைத்தாள். அந்த 40 புத்தகம் வரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் அவரே போய்விட்டார், 39 வயது முடியவில்லை. அவர் போட்ட பட்ஜெட்டைப் பார்த்தபோது என் பட்ஜெட் எவ்வளவோ தேவலை என்று இருந்தது. மகாகவி என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லிக் கேட்ட ஆள், அன்றைக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "உனக்கும் அப்படித்தானா?" என்று கேட்ட மாதிரி இருந்தது.

அன்று முதல் பழைய எழுத்தாளர்களின் பெரிய படைப்புகளை ஒதுக்கிவிட்டு, கடிதம், சுயசரிதை, முன்னுரை, கடன் கேட்டது, வாடகை கொடுத்தது என்று இதையே தேடித் தேடிப் படித்தேன். இப்படிச் செய்வதைத்தான் நான் யாருக்கும் சொல்வேன். ஒரு மனிதர் உச்சியில் நிற்கும்போது அவரோடு பேச நமக்கு வாய் வராது. அவர் தபால் செலவுக்குக் காசு எண்ணும்போது பேசலாம். உ.வே. சாமிநாதையரின் சுயசரிதையைக் கையில் எடுத்தபோது பழைய ஏடு, பழைய தமிழ், எனக்கு ஒத்துவராது என்று பயந்தேன். படித்தால் அது ஒரு வசூல் கணக்கு மாதிரி ஓடுகிறது! 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் அவரைப் பார்த்து என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ் என்று பட்டியலை அடுக்குகிறார். அவர் அசரவில்லை, சிந்தாமணி படித்தீர்களா என்று கேட்டுவிடுகிறார். அந்த ஒரு கேள்விக்கு இவர் பதில் சொல்ல ஏழு வருஷம் ஆகிறது. 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வருகிறது. நடுவில் அச்சுக்குப் பணம் வேண்டும், காகிதம் வேண்டும். என்ன செய்தார் தெரியுமா? புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே ஆட்களிடம் கையொப்பம் வாங்கினார். அந்த இடத்தைப் படித்தபோது நெற்றியில் அடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்துக்கு முன்னால் கும்பகோணத்துத் தமிழ் வாத்தியாருக்குத் தெரிந்த சங்கதி, பி.காம் படித்த எனக்குத் தெரியாமல் போயிற்றே. முதலில் வாங்குகிறவர்களின் பெயரை எழுதுங்கள், அப்புறம் அச்சுக்குக் கொடுங்கள். முப்பது பேர் தேறவில்லையா, முப்பது பிரதிகூட அடிக்க வேண்டாம்.

வை.மு. கோதைநாயகியை எனக்கு முன்னால் தெரியவே தெரியாது. அதற்கு வெட்கப்படுகிறேன். திருவல்லிக்கேணிக்காரர், 1901இல் பிறந்தவர், ஐந்தரை வயதில் கல்யாணம். கதை மனசில் ஊறுகிறது, எழுதத்தான் கை ஓடவில்லை. பட்டம்மாள் என்ற சிநேகிதியை உட்கார வைத்து இவர் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். முதல் நாடகம் அப்படித்தான் வந்தது. பிறகு தானே எழுதப் பழகி, 1925இல் ஜகன்மோகினி பத்திரிகையை எடுத்து நடத்தி, 115 நாவல் எழுதியிருக்கிறார். 115! அந்த எண்ணிக்கையைவிட எனக்கு அந்தப் பட்டம்மாள்மேல்தான் பொறாமை. அதாவது, அப்படி ஒரு சிநேகிதி அமைந்ததன்மேல். நான் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று வருஷம் தனியாக எழுதியதை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஒரு ஆபத்தைச் சொல்ல வேண்டும், நான் கிட்டத்தட்ட விழுந்த குழி. புதுமைப்பித்தனைப் படிக்க ஆரம்பித்தேன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற சந்தியில் கந்தசாமிப் பிள்ளை நின்றுகொண்டு, டிராமில் போனால் வெற்றிலைக்குக் காலணா மிஞ்சுமா, பஸ்ஸில் போனால் அரை கப் காப்பிக்கு வழி உண்டா என்று தீவிரமாக யோசிக்கிறாரே, அந்த இடத்திலேயே அவர் என் ஆள் ஆகிவிட்டார். மாசக் கடைசியில் பாரிமுனையில் நின்று ஷேர் ஆட்டோவா பஸ்ஸா என்று நானும் அதே கணக்கைப் போட்டிருக்கிறேன், அதே இடத்தில். அந்த மயக்கத்தில் அவர் வாழ்க்கையையும் படித்தேன். கடைசியில் சினிமா வேலைக்குப் புனே போய், காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் 42 வயதில் இறந்தார். படித்து முடித்த ராத்திரி எனக்கு என்னமோ ஆகிவிட்டது. எழுத்து என்றால் இப்படி எரிந்துபோக வேண்டும், மாசச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஜிஎஸ்டி ஃபைல் பண்ணுகிறவளுக்கு என்ன எழுத்து என்று தோன்றிவிட்டது. ராஜினாமாக் கடிதம் அடித்து மெயிலில் டிராஃப்டாக வைத்தேன். இரண்டு நாள் இருந்தது அது.

மூன்றாம் நாள் அவர் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களை எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் பணக்கவலை. எப்போது பணம் வரும், எப்போது அனுப்ப முடியும், குடும்பத்தை எப்போது அழைத்துக்கொள்ள முடியும் என்று. எரிந்துபோக வேண்டும் என்ற ஆசை அந்த மனிதருக்குத் துளியும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒழுங்கான ஒரு மாசச் சம்பளம். டிராஃப்டை அழித்தேன். செத்தவர்கள் சிநேகிதர்களாக இருக்கலாம், அவர்களுடைய வறுமையை நமக்கு முன்மாதிரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களைக் கேட்டால் அவர்களே திட்டுவார்கள், புதுமைப்பித்தன் நிச்சயம் கெட்ட வார்த்தையிலேயே திட்டுவார்.

ராஜினாமாக் குழியிலிருந்து தப்பித்தேன், இன்னொரு சின்னக் குழியில் நன்றாகவே விழுந்தேன். பாதி வருஷம் அவரையே படித்துவிட்டு ஒரு சிறுகதை எழுதினேன். என் ஆபீஸில் ஸ்டோர்ஸ் பார்க்கும் பெண் நிறையப் படிப்பாள், இந்தமுறை புத்தியாக அவளிடம் காட்டினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்துவிட்டு, "அக்கா, நீங்க செய்யாறுதானே? இதுல எல்லாரும் திருநெல்வேலியில பேசறாங்களே" என்றாள். எடுத்துப் பார்த்தால் என் பாட்டி 'அவாள், இவாள், வேய், என்னடே' என்று பேசிக்கொண்டிருக்கிறாள். செய்யாற்றில் எந்தப் பாட்டி 'வேய்' என்றாள்? கதையைக் கிழித்துப் போட்டேன். அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். படிக்கும் நாளில் எழுதுவதில்லை. பிடித்த ஒரு பக்கத்தை நோட்டில் கையால் நகல் எடுப்பேன், வாக்கியம் எங்கே திரும்புகிறது, எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியும். ஆனால் அந்த நோட்டும் என் கதை நோட்டும் ஒரே மேசையில் இருக்காது. இன்னொன்று, இறந்த எழுத்தாளர் எவ்வளவு நல்ல துணையாக இருந்தாலும் உங்கள் கதையில் இருக்கும் தப்பைச் சொல்ல மாட்டார். அதற்கு உயிரோடு ஒரு ஆள் வேண்டும். ஒரே ஒரு ஆள் போதும், எனக்கு அந்த ஸ்டோர்ஸ் பெண்.

பணம் பற்றி இன்னும் ஒன்று. ஆர்வக்கோளாறில் நடைபாதையிலும் தள்ளுபடியிலும் மலிவான 'முழுத் தொகுப்பு'களாக வாங்கிக் குவித்தேன், 1,800 ரூபாய் இருக்கும். பாதியில் எழுத்துப்பிழை, ஒன்றில் இரண்டு கதை ஒட்டிக்கொண்டு ஒரே கதையாக இருந்தது, எந்த வருஷம் எழுதியது என்ற தகவலே கிடையாது. வருஷம் தெரியாமல் ஒருவரோடு எப்படிப் பழகுவது? முப்பது வயதில் எழுதியதா, சாகக் கிடந்தபோது எழுதியதா என்று தெரிய வேண்டாமா? ஒரே ஒருவருக்கு நல்ல பதிப்பாக வாங்குங்கள். புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பு, பாரதிக்குச் சீனி. விசுவநாதன் காலவரிசைப்படி தொகுத்தது, இப்படிப் பதிப்பாசிரியர் பெயர் போட்டு, வருஷம் போட்டு வந்தவை. மற்றதுக்கு நூலகம் இருக்கிறது. பாரதி, புதுமைப்பித்தன் எழுத்துகளெல்லாம் நாட்டுடைமை ஆனவை, மதுரைத் திட்டம் என்ற இணையதளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் சும்மாவே படிக்கலாம். எழும்பூர் கன்னிமாராவில் பழைய புத்தகங்கள் உண்டு, 1896இலிருந்து நடக்கிற நூலகம். அங்கே போகும்போது முழு நாளை ஒதுக்கிக்கொண்டு போங்கள். நான் ஆபீஸில் ஒரு மணிநேரம் பர்மிஷன் போட்டுப் போய் மூன்றுமுறை வெறுங்கையோடு வந்தேன்.

2024 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே பறக்கும் ரயிலில் கோட்டூர்புரத்தைத் தாண்டித் திருவல்லிக்கேணியில் இறங்கினேன். ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கிற இட்லி சாப்பிட்டேன், அது இல்லாமல் அந்தப் பக்கம் போவதில்லை. துளசிங்கப்பெருமாள் கோயில் தெருவில் பாரதி கடைசியாக இருந்த வீட்டைப் பார்த்தேன். யானை அடித்துத்தான் பாரதி செத்தார் என்று என் பையன் இன்னும் சொல்வான். பார்த்தசாரதி கோயில் யானை தள்ளியது உண்மை, ஆனால் அதிலிருந்து தேறி, ஜூலை 31இல் ஈரோட்டுக் கருங்கல்பாளையத்தில் மனிதனுக்கு மரணமில்லை என்ற தலைப்பில் பேசிவிட்டு வந்திருக்கிறார். வயிற்றுக் கடுப்பு வந்துதான் போனார். தலைப்பைப் பாருங்கள், ஆறு வாரத்தில் போகப்போகிற ஆள்.

அங்கிருந்து பிள்ளையார் கோயில் தெரு. உ.வே.சா. தியாகராஜ விலாசம் என்று பெயர் வைத்து வாழ்ந்த வீடு அங்கேதான் இருந்தது, 2012இல் இடித்துவிட்டார்கள். அதே தெருவில்தான் சி.சு. செல்லப்பாவும் இருந்து 'எழுத்து' பத்திரிகையை நடத்தினார், 1959இலிருந்து 1970 வரை. எந்த வீடு என்று ஒரு ஜெராக்ஸ் கடைப் பையனிடம் கேட்டேன். "செல்லப்பாவா? கூரியரா மேடம்? டோர் நம்பர் சொல்லுங்க" என்றான். டோர் நம்பர் எனக்குத் தெரியும், 19ஏ. ஆனால் இப்போது பழைய எண், புதிய எண் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது, கண்டுபிடிக்க முடியவில்லை. தெருவில் இரண்டுமுறை நடந்தேன். குடத்தோடு ஒரு அம்மா, சைக்கிளில் ஒரு பையன், வாசலில் காயும் போர்வை. ஒன்றும் நடக்கவில்லை, யாரும் தரிசனம் தரவில்லை. திரும்பும்போது கால் வலித்தது. ஆனால் அந்த ராத்திரி, வெகுநாளாக நிறுத்தி வைத்திருந்த இரண்டாவது நாவலின் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்து ஒரு பக்கம் எழுதினேன்.

செல்லப்பாவிடம் எனக்கு ஒரு பாக்கி இருந்தது. அந்த மனிதர் தன் புத்தகங்களை மூட்டை கட்டித் தோளில் சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். எண்பது வயதுக்கு மேல் மூன்று பாகம் வரும் நாவலைத் தானே போட்டார். அதற்கு சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது 2001இல், அவர் இறந்து மூன்று வருஷம் ஆன பிறகு. என்னிடம் அப்போது என்ன மீதி? 500இல் 280 எடைக்குப் போயிற்று, 90 ஓசியில் கொடுத்தது, 130 பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டிகள் இப்போது இரும்பு ஸ்டாண்டில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில். சென்னையில் தரைத்தளத்தில் இருக்கிறவர்கள் புத்தகத்தைத் தரையில் வைக்காதீர்கள், இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடைகளில் கொடுத்துப் பார்க்கலாம் என்று விசாரித்தேன். நூற்றுக்கு 35, 40 என்று கழிவு, பணம் விற்ற பிறகு, அதுவும் நாம் கேட்டுக்கொண்டே இருந்தால். சரி, விடுதியைப் பற்றிய கதை, விடுதிக்கே போவோம் என்று முடிவு செய்தேன். ஒரு பையில் 20 புத்தகம், விலை 250ஐ அடித்து 100 என்று எழுதினேன்.

முதல் விடுதியில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை, சோப்பு விற்க வந்தவள் என்று நினைத்தார். இரண்டாவதில் வார்டன் ஒரு பிரதி வாங்கினார், வாங்கிவிட்டு இதில் வரும் வார்டன் நல்லவளா கெட்டவளா என்று கேட்டார். இரண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைதான் சரியான நேரம், துணி துவைத்துவிட்டு மாடியில் உட்கார்ந்திருப்பார்கள். ஜிபே ஸ்கேனரை அட்டையில் ஒட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், சில்லறைத் தகராறு வராது. இதுவரை பதினான்கு விடுதி, 89 பிரதி, 8,900 ரூபாய். வீட்டுக்காரரிடம் போன தீபாவளிக்குத்தான் முழுக் கணக்கையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த ரேடியோ நனையலையே?" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணா நகர் பக்கம் ஒரு விடுதிக்குப் போயிருந்தேன். அரியலூர்ப் பெண் ஒருத்தி, நர்சிங் வேலை, நின்றபடியே ஆறு பக்கம் படித்துவிட்டு, "ஆன்ட்டி, பதினெட்டு பேருக்கு ஒரு பாத்ரூமா? எங்களுக்கு இருபத்தொண்ணு" என்றாள். நூறு ரூபாய் கொடுத்தாள். அவள் ரூமிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். திரும்பி வந்து பையை இறக்கி வைத்தபோது இடது தோளில் பட்டை பதிந்து சிவந்து போயிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே யோசித்தேன், செல்லப்பா எந்தத் தோளில் சுமந்தார் என்று எங்கேயும் படித்த ஞாபகம் இல்லை.